யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்றால், யார்? எங்கள் தொழில்நுட்பத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பத் தலைமையினருக்கு,

பைத்தான் நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கும், அதன் பயன்பாட்டை விளக்கும் ஆவணங்களுக்கும் எங்கள் குழு வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் செய்துவந்த பணியை நிறுத்தச் சொல்லும் உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். வாடிக்கையாளரிடம் கட்டணம் பெற முடியாத நேரம் என்பது அதில் முதல் காரணம். ஆவணங்களைத் திருத்துவது பொறியியல் பணி ஆகாது என்பது இரண்டாவது. சொந்த நேரத்தில் செய்வதானாலும் சட்டப் பிரிவின் முன் அனுமதி வேண்டும் என்ற வரி, போகிற போக்கில் சொல்வதுபோலக் கடைசியில் இருக்கிறது. அலுவலகத்துக்குள் எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் உள்ள அலுவலகங்கள் பலவற்றில் இதே சுற்றறிக்கை வேறு தலைப்புத்தாளில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், பெயர் இங்கே முக்கியமும் இல்லை.

இந்த முடிவுக்கு வித்திட்டது எது என்பது எனக்குத் தெரியும். பைத்தானின் 3.13 பதிப்புக்கு மாறியபோது, வாடிக்கையாளர் ஒருவரின் கட்டடங்களில் உள்ள பழைய நெட்வொர்க் சுவிட்சுகளை இரவில் சரிபார்க்கும் நமது நிரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சுவிட்சுகளோடு பேச நிரல் நம்பியிருந்த டெல்நெட்லிப் என்னும் மாட்யூல், அதாவது லைப்ரரியின் ஒரு பகுதி, 3.13-இல் இல்லை. அதற்குப் பின் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், 'இப்படித் திடீரென்று பிடுங்கிவிடுகிறவர்களுக்கு நாம் ஏன் இலவசமாக வேலை செய்ய வேண்டும்?' என்று உங்களில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. சுற்றறிக்கை அந்த மௌனத்திலிருந்துதான் பிறந்தது என்று நினைக்கிறேன்; ஆகவே பதிலை இங்கே தருகிறேன்.

திடீரென்று எதுவும் நடக்கவில்லை. பயன்பாடு குன்றிய, பராமரிப்பாரற்ற மாட்யூல்களை நீக்கலாம் என்று பைத்தானை உருவாக்குவோரில் ஒருவரான கிறிஸ்டியன் ஹெய்ம்ஸ் 2019-இல் முன்வைத்த, பின்னர் பிரெட் கேனனும் இணைந்து எழுதிய பெப் 594 என்னும் முன்மொழிவு, பல ஆண்டுகள் எல்லோர் கண்ணெதிரிலும் விவாதிக்கப்பட்டு, 2022-இல் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 3.11, அந்த மாட்யூல்களைப் பயன்படுத்தும் நிரல்களுக்கு எச்சரிக்கை தரத் தொடங்கியது. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13-இல்தான் எஞ்சிய 19 மாட்யூல்களும் நீக்கப்பட்டன. இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன. எச்சரிக்கை நம் கண்ணில் படாததற்குக் காரணம், இவ்வகை எச்சரிக்கைகள் நேரடியாக ஓடும் முதன்மை நிரலில் எழுந்தால் மட்டுமே பைத்தான் அவற்றை இயல்பாகக் காட்டும். நமது நிரலோ டெல்நெட்லிப்பை ஒரு துணைக் கோப்பின் வழியாக அழைத்தது. சோதனைகளை ஓட்டும்போதாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அறிக்கை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சோதனைகளில் எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கும் அமைப்பை நிறுவனம் முழுவதற்குமான வார்ப்புருவில் வைத்திருப்பது நாம்.

அந்த முன்மொழிவை உங்களில் யாரேனும் திறந்து பார்த்திருந்தால், நீக்கப்படவிருக்கும் மாட்யூல்களின் அட்டவணையில் 'பராமரிப்பாளர் உண்டா?' என்றொரு பத்தி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். டெல்நெட்லிப்புக்கு நேரே 'இல்லை' என்று இருக்கிறது. வலைப்பக்க நிரல்களை வழங்கியில் ஓட்ட உதவிய சிஜிஐக்கு நேரேயும் அதுவே. உலகில் எத்தனையோ அலுவலகங்கள் அன்றாடம் ஓட்டிக்கொண்டிருந்த இந்த மாட்யூல்களுக்கு, வரும் பிழைப் புகார்களைப் படித்துப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதுதான் அந்த 'இல்லை'யின் பொருள். நம் அலுவலகமும் டெல்நெட்லிப்பைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. ஒரு பிழைப் புகார்கூட நாம் அனுப்பியதில்லை. நிற்கிற நிரலைப் பார்த்து அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையை நாம் எந்தக் கணக்கில் பெற்றோம் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லா நீக்கங்களோடும் எனக்கு உடன்பாடு உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். கடவுச்சொல்லைக் குறியாக்கும் கிரிப்ட் மாட்யூல் போனது நல்லதே. இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபட்டு நடந்துகொண்ட அதை வைத்துக்கொண்டு பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது. சிஜிஐ விஷயத்தில், மலிவான பகிர்வு வழங்கிகளில் சிறு அமைப்புகள் நடத்தும் பக்கங்களை நினைத்திருக்கலாம் என்பது இன்றும் என் கருத்து. ஆனால் அந்தக் கருத்தை 2019-இலிருந்து மூன்றாண்டு காலத்தில் எப்போது வேண்டுமானாலும் நான் அங்கே சொல்லியிருக்க முடியும் என்பதும், அப்படிச் சொல்பவரிடம் 'சரி, நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?' என்று அவர்கள் கேட்டிருப்பார்கள் என்பதும், அந்தக் கேள்விக்கு 'பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல எந்த நிறுவனமும் தன் பொறியாளரை அனுமதிக்கவில்லை என்பதும் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

இனி, ஆவணத் திருத்தம் பொறியியல் பணி ஆகாது என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். என்னை இந்த மடலை எழுதவைத்தது உண்மையில் அந்த வரிதான்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்காக நாம் செய்த உறுப்பினர் பதிவுப் படிவத்தை நினைவிருக்கிறதா? தமிழில் பெயர் எழுதியவர்களை எல்லாம் 'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்' என்று சொல்லி அது திருப்பி அனுப்பியது. முதலில் எழுத்துருவின்மேல் பழி போட்டோம். பிறகு தட்டச்சு முறையின்மேல், பிறகு தரவுத்தளத்தின் குறியாக்கத்தின்மேல். சோதனைக்கு வைத்திருந்த பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்ததால் அங்கே எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் காரணம் ஒரே ஒரு வரியில் இருந்தது: பெயரைச் சரிபார்க்க ஐஸ்ஆல்ஃபா என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்தியிருந்தோம். அது ஒவ்வொரு குறியீடும், உலக மொழிகளின் எழுத்துகளுக்கான தரநிலையாகிய யூனிகோடில், 'எழுத்து' என்ற வகையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யூனிகோடில் அந்த வகையில் இல்லை, அவை சார்குறிகள். ஆகவே 'மர' என்று கொடுத்தால் ஆம் என்கிறது, 'மரம்' என்று கொடுத்தால் இல்லை என்கிறது. கமலா, முருகன், பாத்திமா, ஜோசப் என்று யார் வந்தாலும் அந்தப் படிவத்தில் இடமில்லை.

இது பைத்தானின் பிழை அன்று. அந்தச் செயற்கூறு எந்த வகைகளை எழுத்தாகக் கொள்கிறது என்பதும், யூனிகோட் தரநிலை 'அகரவரிசைப் பண்பு' என்று வேறாக ஒன்றை வரையறுத்திருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றல்ல என்பதும் இன்றைய ஆவணத்தில் வெளிப்படையாக இருக்கின்றன. அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான் எங்கள் பொறியாளர் காரணத்தைப் பிடித்தார். யாரோ ஒருவர், எங்கோ, இந்த இரண்டும் வேறு என்று எழுதி வைக்க மெனக்கெட்டிருக்கிறார். அதைத்தான் நீங்கள் பொறியியல் பணி அன்று என்கிறீர்கள்.

இதன் உடன்பிறப்பு இன்னும் பாடம் தரக்கூடியது. உரையில் குறித்த வடிவங்களைத் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களில் சொல்லெழுத்தைக் குறிக்கும், பின்சாய்கோட்டுடன் வரும் டபிள்யூவைப் பற்றி, 'எந்த மொழியிலும் சொல்லின் பகுதியாக வரக்கூடிய பெரும்பாலான குறியீடுகள்' என்ற பொருளில் ஆவணம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அதை நம்பித் தமிழ் உரையைச் சொற்களாகப் பிரித்தால், 'தமிழ்' என்ற ஒரு சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாக வரும். இகரக் குறியும் புள்ளியும் உதிர்ந்துவிடும். பின்னாளில் அந்த வாக்கியம், எழுத்தா எண்ணா என்று பார்க்கும் ஐஸ்ஆல்நம் என்னும் செயற்கூறு எவற்றை ஏற்கிறதோ அவையும் அடிக்கோடும் என்று திருத்தப்பட்டது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது ஆவணத்தில் ஒரு வாக்கியம் மட்டுமே. பழைய வாக்கியம் தமிழுக்குப் பொய், புதிய வாக்கியம் உண்மை. தமிழ் உரையைக் கையாளும் ஒரு நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு எத்தனை மணி நேரம் பெறும் என்று கணக்குப் பிரிவையே கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தை மட்டும் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பொய் படவே படாது. நம்மைப் போன்றவர்கள் அங்கே இருந்தால்தான் படும்.

நேரத்தைப் பற்றியும் இப்படியே. உலகப் பொதுநேரத்தைத் தரும் யுடிசிநவ் என்ற செயற்கூறு, தான் தருவது எந்த நேர மண்டலத்துக்குரியது என்ற குறிப்பை அதனுடன் சேர்த்துத் தருவதில்லை. அதை, ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து கடந்த வினாடிகளின் எண்ணாக மாற்றச் சொன்னால், பைத்தான் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. வழங்கியின் கடிகாரம் பொதுநேரத்தில் இருந்தால் எந்தக் கேடும் தெரியாது. இந்திய நேரத்தில் வைத்த கணினியில் விடை 19,800 வினாடிகள், அதாவது ஐந்தரை மணி நேரம், பின்னால் போய்விடும். வாடிக்கையாளர் அலுவலகத்தில் நிறுவிய நம் மென்பொருள், ஒரு மணி நேரம் செல்லுபடியாக வேண்டிய உள்நுழைவு டோக்கன்களைப் பிறக்கும்போதே காலாவதியானவையாக வழங்கிய விசித்திரம் இதனால்தான் நேர்ந்தது. நம் மேகக்கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. நேர மண்டலக் குறிப்புள்ள வடிவத்தையே பயன்படுத்துங்கள் என்ற எச்சரிக்கை ஆவணத்தில் இருந்தது. 2023-இல் வெளிவந்த 3.12 அந்தச் செயற்கூற்றையே கைவிடத்தக்கது, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாதது, என்று அறிவித்துவிட்டது. இன்றும் நமது நிரல் தொகுப்பில் தேடினால் அது பல இடங்களில் கிடைக்கும்.

ஆவண எச்சரிக்கைக்கு வேறு வகையான எடையும் உண்டு. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்புகளைப் பிரிக்கும் டார்ஃபைல் மாட்யூலில், தீய நோக்கத்துடன் கட்டப்பட்ட ஒரு கோப்பு, குறித்த அடைவுக்கு வெளியே போய் வேறு கோப்புகளின்மேல் எழுதிவிட முடியும் என்பது 2007-இலேயே, பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ எண்ணுடன் பதிவான குறை. பெப் 706 வழியாக 2023-இல் வடிகட்டி வரும்வரை, பயன்படுத்துகிறவருக்கும் ஆபத்துக்கும் நடுவே நின்றது பெரும்பாலும் ஆவணத்தில் இருந்த ஒரு சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி மட்டுமே. 2025-இல் வெளிவந்த 3.14-இல்தான் பாதுகாப்பான வடிகட்டி இயல்புநிலை ஆனது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு பத்தி செய்த காவலை எந்தப் பணிப் பிரிவில் எழுதுவீர்கள்?

அந்தப் பணி எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்துப்பிழை திருத்துவது என்ற எண்ணம் உங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது. ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஆவணங்கள் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றில் உள்ள எடுத்துக்காட்டுகள் பல, டாக்டெஸ்ட் என்னும் சோதனைக் கருவி மூலம் உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. எழுதிய விடையும் வந்த விடையும் ஒன்றாக இல்லாவிட்டால் சோதனை தோற்கும். ஒரு செயற்கூறு எந்தப் பதிப்பில் வந்தது, எந்தப் பதிப்பில் மாறியது, எப்போது நீக்கப்படும் என்பதை உரிய குறியுடன் எழுத வேண்டும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பொறியாளர், பழையதாகிப்போன ஓர் எடுத்துக்காட்டைத் திருத்த முனைந்தார். அதற்காக அவர் அந்த மாட்யூலின் மூல நிரலைப் படித்தார், அதன் சோதனைக் கோப்பைப் படித்தார், விடுபட்டிருந்த ஒரு எல்லைநிலையைக் கண்டார். மாற்றங்களை ஏற்கும் உரிமையுள்ள கோர் டெவலப்பர் ஒருவர் மறுஆய்வில், 'இந்த வாக்கியம் எல்லா இயங்குதளத்திலும் உண்மையா?' என்று கேட்டார். அந்த ஒற்றைக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் அந்தப் பொறியாளர் கற்றதை, நாம் பணம் கொடுத்து அனுப்பும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றிருக்க மாட்டார். இப்போது அவர் நம் நிரல்களை மறுஆய்வு செய்யும் விதமே மாறியிருக்கிறது. உங்கள் சுற்றறிக்கை வந்த அன்று, அவருடைய அடுத்த புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம், பாதியில் நின்றது. மறுஆய்வு செய்தவருக்கு என்ன பதில் எழுதுவது என்று அவர் என்னிடம் கேட்டார்.

பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. பைத்தானைப் பேணும் பைத்தான் அறக்கட்டளை, மொழியின் மூல நிரலுக்கென்றே முழுநேர ஊதியத்தில் முதன்முதலாக ஒரு டெவலப்பரை, வூகாஷ் லாங்காவை, அமர்த்தியது 2021-இல்தான், அதுவும் கூகுள் தந்த நிதியில். மொழி வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. பைத்தானின் வேகத்தைக் கூட்டுவதற்கென மைக்ரோசாஃப்ட் அமைத்த குழுவில் பெரும்பாலோர் 2025 மே மாதத்தில் வேலையிழந்தனர். பெரியவர்களும் ஒரு காலாண்டுக் கணக்கில் கை விரித்துவிடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புல் ரிக்வெஸ்ட்கள் அங்கே எந்த நாளிலும் காத்திருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர்களில் கணிசமானோர் தன்னார்வலர்கள். ஏரிப் பாசனத்தில் விளைவிக்கிறவன் குடிமராமத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னால் ஊரில் என்ன பேச்சு வாங்குவான் என்பது நம் அனைவருக்கும் தெரியும்.

இன்னொரு வாதமும் காதில் விழுந்தது: இப்போதெல்லாம் ஏஐயிடம் கேட்டால் போதும், ஆவணத்தை யார் படிக்கிறார்கள்? நம் அலுவலகம் வாங்கித் தந்திருக்கும் நிரல் உதவியாளர், மேலே சொன்ன யுடிசிநவ்வை எனக்கு இன்னும் பரிந்துரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பழைய நிரல்களிலிருந்து கற்றதைத்தான் அது சொல்லும். அதைத் திருத்த எனக்குக் கையில் இருக்கும் ஆதாரம் ஆவணம்தான்.

வாடிக்கையாளர் கட்டணத்தில் சேராத நேரம் என்ற உங்கள் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் டெல்நெட்லிப் நின்ற இரவில் விழித்திருந்த பொறியாளர்களின் நேரத்தையும், கூட்டுறவுச் சங்கத்தின் படிவத்துக்காக எழுத்துருவைத் துரத்திய நேரத்தையும் எந்த வாடிக்கையாளரிடமும் நாம் வசூலிக்கவில்லை. அந்தச் செலவு கணக்கில் வராத செலவு. வெள்ளிக்கிழமைப் பிற்பகல் மட்டும் கணக்கில் வருவதால் அதை வெட்டுவது எளிதாக இருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, வெள்ளிக்கிழமைப் பிற்பகலை மீண்டும் தாருங்கள். முழுக் குழுவுக்கும் இயலாதென்றால், சுழற்சி முறையில் இருவருக்காவது தாருங்கள். ஆனால் திட்ட அட்டவணையில் பெயருடன் எழுதித் தாருங்கள், 'நேரம் கிடைத்தால்' என்ற நிபந்தனை வேண்டாம்.

சொந்த நேரப் பங்களிப்புக்கு ஒவ்வொரு முறையும் சட்டப் பிரிவிடம் போகச் சொல்வதைக் கைவிடுங்கள். நாம் எழுதும் எதுவும் நிறுவனத்துக்கே உரியது என்ற பணி ஒப்பந்த வாசகம் இருக்கும்வரை, பைத்தான் அறக்கட்டளையின் பங்களிப்பாளர் உடன்படிக்கையில் ஒரு பொறியாளர் மனம் ஒப்பிக் கையெழுத்திட முடியாது. ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கும் அதன் ஆவணங்களுக்கும் செய்யும் பங்களிப்பு அந்த வாசகத்துக்கு விலக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள்.

நமது சோதனை வார்ப்புருவில் எச்சரிக்கைகளை அடக்கும் வரியை நீக்க உத்தரவிடுங்கள். கைவிடத்தக்கவை பற்றிய எச்சரிக்கை வந்தால் சோதனை தோற்க வேண்டும். முதல் வாரத்தில் அறிக்கைகள் சிவப்பாக இருக்கும். அதற்காக எந்தக் குழுவையும் குறை சொல்ல மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

ஒவ்வோர் அக்டோபரிலும் புதிய பதிப்பு வருகிறது. அதற்கு முன் வரும் பீட்டா பதிப்புகளில் நம் நிரல்களை ஓட்டிப் பார்த்து, கண்ட பிழைகளை அங்கே புகாராக எழுதும் பொறுப்பை ஒரு பொறியாளருக்குப் பணியாகவே கொடுங்கள். அந்தப் புகார்கள் அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். ஆவணத் திருத்தங்களும் அவ்வாறே.

கடைசியாக, பாதியில் நிற்கும் அந்தப் புல் ரிக்வெஸ்ட்டை முடிக்க அந்தப் பொறியாளருக்கு இந்த வாரமே அனுமதி கொடுங்கள். மறுஆய்வு செய்தவரின் கேள்வி இன்னும் பதிலின்றி அங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனத்தின் மூத்த பொறியாளர்களில் ஒருவர்
சென்னை